கார் ஈசியூவை நீங்களே மாற்றப் போகிறீர்களா?

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அதற்கப்புறம் எங்கள் திருநெல்வேலியில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலே இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் வயர் மூன்றையும் பாருங்கள். கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவையுங்கள், சில வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும்.

மாற்றத்தான் வேண்டுமா? சரி, இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். கனெக்டரைப் பிடித்து இழுக்காதீர்கள், முதலில் அதன் பூட்டை விடுவியுங்கள். வாங்கும் ஈசியூவின் பார்ட் நம்பர் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், "அதே மாடல்தான் அண்ணாச்சி" என்று கடைக்காரர் சொல்வது மட்டும் போதாது.

பெரிய சிக்கல், வண்டித் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர்தான். சாவிக்குள் இருக்கும் சிப் பழைய ஈசியூவோடு ஜோடி சேர்ந்தது என்பதால், பல கார்களில் வேறொன்றை மாட்டினால் இன்ஜின் பிடிக்காது, பிடித்தாலும் ஓரிரு நொடியில் நின்றுவிடும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரி இறங்காமல் சார்ஜர் போட்டு வையுங்கள். காமன் ரெயில் டீசல் என்றால் பெரும்பாலும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மேல் பொறித்திருக்கும் குறியீடுகளையும் புது ஈசியூவில் ஏற்ற வேண்டியிருக்கும், அவற்றை முன்கூட்டியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.