பெயர் ஒன்று, ஆள் இரண்டு: விளையாட்டும் இசையும் கலந்த வினாடி வினாச் சுற்றைத் தயாரிப்பது எப்படி?

சேலம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி டி. நடராஜன், பாராலிம்பிக் உயரம் தாண்டும் வீரர் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. இருவருக்கும் இனிஷியல் ஒன்றுதான்: டி. ஆனால் கிரிக்கெட் ஸ்கோர்கார்டு முதலாமவரைத் "தங்கராசு நடராஜன்" என்று எழுதும். அப்பா பெயர் முன்னால். பாராலிம்பிக் பட்டியல் இரண்டாமவரை "மாரியப்பன் தங்கவேலு" என்று எழுதும். அப்பா பெயர் பின்னால். இந்தச் சுற்றில் கிளம்பும் தகராறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் முளைக்கின்றன. ஆகவே கேள்வி எழுத உட்காருவதற்கு முன் பெயரைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

சுற்றின் அமைப்பு எளிது. ஒரே பெயர் கொண்ட ஒரு விளையாட்டு வீரர், ஒரு இசைக் கலைஞர். இருவரைப் பற்றியும் மாற்றி மாற்றித் துப்புக் கொடுத்து, அந்தப் பெயரைக் கேட்கிறோம். 6 அணிகள், 12 கேள்விகள் என்றால் 35 நிமிடத்துக்குள் முடியும். பள்ளி ஆண்டு விழாவுக்கும் பொருந்தும். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாவுக்குக் கூடும் உறவுக்கூட்டத்துக்கும் பொருந்தும்.

முதல் படி: எதை "ஒரே பெயர்" என்று கொள்வது?

மூன்று வகை உண்டு. மூன்றையும் கலந்துவிட்டால் சுற்று குழம்பிவிடும்.

முழுப்பெயரும் அப்படியே ஒத்துப்போவது முதல் வகை. வெளிநாட்டுப் பெயர்களில் இது தாராளமாகக் கிடைக்கும். கிறிஸ் மார்ட்டின் என்றால் கோல்ட்பிளே என்ற ராக் இசைக்குழுவின் பாடகர். அதே பெயரில் நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஒருவர். ஸ்டீவ் ஸ்மித் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன். ஜர்னி இசைக்குழுவின் முன்னாள் டிரம்மரும் ஸ்டீவ் ஸ்மித். ஜேம்ஸ் டெய்லர் அமெரிக்கப் பாடகர். இதயக் கோளாறால் 2016-ல் ஓய்வு பெற்ற இங்கிலாந்து பேட்ஸ்மேனும் அவர் பெயர்க்காரர்தான். ரோஜர் டெய்லர்தான் இந்த வகைக்கே ராஜா. குயீன் குழுவின் டிரம்மர் ஒருவர், டுரான் டுரான் குழுவின் டிரம்மர் இன்னொருவர், விம்பிள்டனில் 1967, 1970, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளில் அரையிறுதி வரை சென்ற டென்னிஸ் வீரர் மூன்றாமவர்.

கூப்பிடும் பெயர் மட்டும் ஒத்துப்போவது இரண்டாம் வகை. நம்மூர்ப் பெயர்களில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான், சுவையும் இதில்தான் அதிகம். நடராஜன் என்றால் யார்க்கர் நடராஜனும் வரலாம், கிளாரினெட் ஏ.கே.சி. நடராஜனும் வரலாம். சுதா என்றால் 2010 ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் தங்கம் வென்ற சுதா சிங், 2013-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற கர்நாடக இசைப் பாடகி சுதா ரகுநாதன். உஷா என்றால் ஓட்டக்காரர் பி.டி. உஷா, பாடகி உஷா உதுப். நித்யஸ்ரீ என்றால் பாடகி நித்யஸ்ரீ மகாதேவன், 2024 பாரிஸ் பாராலிம்பிக் பாட்மின்டனில் வெண்கலம் வென்ற நித்யஸ்ரீ சிவன்.

மூன்றாம் வகை கண்ணி. ஒருவருடைய பெயர், இன்னொருவருடைய அப்பா பெயர். விஸ்வநாதன் ஆனந்துக்கு விஸ்வநாதன் அப்பா பெயர், எம்.எஸ். விஸ்வநாதனுக்கு அது சொந்தப் பெயர். இரண்டையும் ஜோடி சேர்த்தால் விவரம் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த வகையைத் தள்ளிவிடுவதே நல்லது. வேண்டுமானால் "இதில் யாருக்கு இது சொந்தப் பெயர்?" என்று தனிக் கேள்வியாக வைக்கலாம். சதுரங்கம் விளையாட்டுக் கணக்கில் வருமா என்று எழுந்து கேட்க எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அதையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: இனிஷியலைப் பிரியுங்கள்

ஒரு நீள நோட்டிலோ எக்செல் தாளிலோ ஏழு கட்டங்கள் போடுங்கள்: தமிழில் பெயர், ஆங்கில எழுத்தில் பெயர், இனிஷியலின் விரிவு, துறை, ஊர், ஆண்டோடு கூடிய ஒரு உறுதியான தகவல், அந்தத் தகவலை இரண்டாவதாகப் பார்த்த இடம். கேள்வி 12 தான் என்றாலும் ஜோடிகளை 20 வரை சேர்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும்போது ஐந்து வரை கழியும். மிஞ்சுவதில் இரண்டு உபரி, ஒன்று சமநிலை முறிக்க.

மூன்றாவது கட்டம்தான் உயிர்நாடி. இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தமிழ்நாட்டுப் பழக்கம், எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஓட்டக்காரர் பி.யு. சித்ராவுக்குப் பாலக்கீழில் என்பது வீட்டுப் பெயர், உண்ணிகிருஷ்ணன் என்பது அப்பா பெயர். பாடகி கே.எஸ். சித்ராவுக்கு கே என்பது அப்பா கிருஷ்ணன் நாயர், எஸ் என்பது அம்மா சாந்தகுமாரி. பி.வி. சிந்துவின் பி, ஆந்திர வழக்கப்படி புசர்லா என்ற குடும்பப் பெயர். உதுப், ரகுநாதன் இரண்டும் கணவர் பெயர்கள்.

இசைக்காரர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு: ஊர்ப் பெயர் முன்னால் வரும். சேலம் எஸ். ஜெயலட்சுமி என்றால் சேலம் ஊர், எஸ் இனிஷியல். ஆங்கிலப் பட்டியலை அப்படியே ஒட்டினால் கணினி "சேலம்" என்பதை அவருடைய முதற்பெயராக எடுத்துக்கொண்டு அகரவரிசையில் வேறெங்கோ கொண்டுபோய் வைத்துவிடும். கிரிக்கெட்காரர்களுக்கு இந்த வழக்கம் இல்லை. யாரும் "சின்னப்பம்பட்டி நடராஜன்" என்று ஸ்கோர்போர்டில் போடுவதில்லை, போட்டால் அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாம் படி: எழுத்து

ஆங்கிலத்தில் வேறு வேறாகத் தெரியும் பெயர்கள் தமிழில் ஒன்றாகிவிடும். இரண்டு சித்ராக்களும் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வித்தியாசப்படுகிறார்கள். கிரிக்கெட் ஸ்ரீகாந்துக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதல், பாட்மின்டன் கிடாம்பி ஸ்ரீகாந்துக்குக் குறைவு. டேபிள் டென்னிஸ் ஜி. சத்யன், பின்னணிப் பாடகர் சத்யன் மகாலிங்கம் ஆகியோரும் அப்படியே. தமிழில் நடத்தும் சுற்றுக்குத் தமிழ் எழுத்தே அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் ஜோடிகள் கூடும், வாக்குவாதம் குறையும்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஸ்ரீ. யூனிகோடில் அது இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்றில் முதல் எழுத்து ஸ, மற்றொன்றில் ஶ. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். ஆனால் எக்செலில் வடிகட்டினால் ஒரே "ஸ்ரீராம்" இரண்டு பெயராகப் பிரிந்து நிற்பார்; தேடினால் பாதிதான் கிடைக்கும். நோட்டில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எக்செல்காரர்கள் வேலை தொடங்கும்போதே ஒரு ஸ்ரீயைத் தேர்ந்தெடுத்து, மற்றதை எல்லாம் "கண்டுபிடித்து மாற்று" வசதியால் மாற்றிவிடுங்கள்.

நான்காம் படி: ஆள் இவர்தானா?

பெயரை மட்டும் இட்டுத் தேடினால் புகழ் அதிகமுள்ளவர்தான் முதலில் வருவார். "சித்ரா" என்று தேடினால் பாடகி, "சித்ரா 1500 மீட்டர்" என்று தேடினால் ஓட்டக்காரர். கிறிஸ் மார்ட்டினைத் தேடும்போது கோல்ட்பிளே என்ற சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் பாடகர் ஒதுங்குவார், பந்துவீச்சாளர் தெரிவார். தேடல் பக்கத்தின் ஓரத்தில் வரும் புகைப்படத்தை நம்பி அச்சடிக்காதீர்கள். ஒருவர் படமும் இன்னொருவர் விவரமும் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம்.

ஒரே துறையில் ஒரே பெயர் இருவருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். "கேரள ஓட்டப்பந்தய வீராங்கனை சித்ரா" என்று எழுதினால் 400 மீட்டர் சித்ரா கே. சோமனும் அதில் அடங்குவார். விடை மாறாது என்பது உண்மைதான், ஆனால் "எந்தச் சித்ரா?" என்று துணைக்கேள்வி வைத்திருந்தால் சிக்கல். 1500 மீட்டர், 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளத் தங்கம் என்று சேர்த்தால் பி.யு. சித்ரா மட்டுமே மிஞ்சுவார். ஸ்ரீராம்கள் இதைவிட மோசம்: 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் ஏழாவதாக வந்த ஸ்ரீராம் சிங், கிரிக்கெட் ஸ்ரீதரன் ஸ்ரீராம், டென்னிஸ் ஸ்ரீராம் பாலாஜி. எதிர்ப்பக்கம் பாடகர் சித் ஸ்ரீராமை நிறுத்தினால், அவருக்கு ஸ்ரீராம் அப்பா பெயர்! இவ்வளவு சிக்கலான பெயரைத் தொடக்கநிலைச் சுற்றில் வைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

ஐந்தாம் படி: கேள்வி எழுதுதல்

ஒரு கேள்விக்கு மூன்று துப்பு. முதல் துப்பில் சொன்னால் 15 மதிப்பெண், இரண்டாவதில் 10, மூன்றாவதில் 5. கடினமானது முதலில், ஊரறிந்தது கடைசியில். எது ஊரறிந்தது என்பது ஊரைப் பொறுத்தது. சேலத்தில் நடராஜன் கேள்வியை இப்படி அமைக்கலாம்:

15: இவர்களில் ஒருவர் திருச்சிக்காரர், 2008-க்கான சங்கீத கலாநிதி விருது பெற்றவர்.
10: மேற்கத்தியக் காற்றுக்கருவி ஒன்றில் கர்நாடக இசை வாசித்தவர் அவர்.
5: மற்றவர் 2020 டிசம்பர் 2 முதல் 2021 ஜனவரி 15 வரை, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர்.

கடைசித் துப்பை முதலில் போட்டால் சேலத்துப் பிள்ளைகள் வாக்கியம் முடிவதற்குள் எழுதி முடித்துவிடுவார்கள். மயிலாப்பூரில் நடத்தினால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும்.

எண்கள் நல்ல துப்பு. நியூசிலாந்தின் கிறிஸ் மார்ட்டின் 71 டெஸ்டுகளில் 233 விக்கெட் எடுத்தார், மட்டையால் அடித்ததோ மொத்தம் 123 ஓட்டம். விக்கெட் எண்ணிக்கையை விட ஓட்ட எண்ணிக்கை குறைவு என்று சொன்னாலே அரங்கம் சிரிக்கும், கிரிக்கெட் வெறியர் விடையும் எழுதுவார். ஓய்வு பெற்றவர்களின் எண்கள்தான் பாதுகாப்பு. ஆடிக்கொண்டிருப்பவரின் எண் நிகழ்ச்சி நாளுக்குள் மாறிவிடும். "இன்றுவரை", "தற்போதைய" போன்ற சொற்களைத் துப்பில் தொடவே வேண்டாம். மாற்றுத்திறன் வீரர்களைப் பற்றிய துப்பில் அவர்கள் சாதித்த அளவைச் சொல்லுங்கள். மாரியப்பன் என்றால் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அது போதும்.

12 கேள்விகளில் கிரிக்கெட் நான்கைத் தாண்ட வேண்டாம். சமநிலை முறிக்க ஒரு தலைகீழ்க் கேள்வி வைத்துக்கொள்ளலாம்: பெயர் வேறு, எண் ஒன்று. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா ஓடிய நேரம் 55.42 வினாடி. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோவை வித்யா ராம்ராஜ் ஓடியதும் அதே 55.42. "இந்த நேரத்தை உஷாவோடு பகிர்ந்துகொள்பவர் யார்?" என்று கேளுங்கள்.

ஆறாம் படி: அரங்கில்

பஸ்ஸர் வேண்டாம். அணிக்கு ஒரு சிலேட்டோ வெள்ளைப் பலகையோ கொடுத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு துப்புக்கும் 20 வினாடி, பிறகு விடை, மதிப்பெண் பதிவு. கேள்விக்கு 2 நிமிடம் ஆகும். துப்புக்குத் துப்பு விடையை மாற்றி எழுத அனுமதித்தால் எல்லோரும் ஊகத்தில் எழுதத் தொடங்குவார்கள். ஒரு கேள்விக்கு ஒரு முறைதான் பலகையைத் தூக்கலாம்.

இசைத் துண்டு ஒலிக்கவிடுவதானால் 12 வினாடி போதும். தம்புரா சுருதியில் தொடங்கும் பகுதியை வெட்டிவிட்டு நடுவிலிருந்து எடுங்கள், இல்லையேல் 12 வினாடியும் சுருதியிலேயே கரைந்துவிடும். கிளாரினெட்டைக் கேட்டுவிட்டுப் பலர் பெயரோடு நாதஸ்வரம் என்றும் எழுதுவார்கள். கேள்வியில் கேட்டது பெயர்தான், கருவி அல்ல என்பதால் அதற்கு மதிப்பெண் வெட்ட வேண்டாம். துண்டுகளை முன்னதாகவே பென்டிரைவில் இறக்கி வையுங்கள். கொண்டை ஊசி வளைவு 20-ம் ஏறி ஏற்காடு போய்ச் சேர்ந்தபின் சிக்னலைத் தேடி மாடிக்கு ஓடுவதில் பயனில்லை.

நடுவருக்கு ஒரு தாள் தனியாக: ஒவ்வொரு விடைக்கும் ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தும். "நடராஜன்" போதும். "டி. நடராஜன்" என்று எழுதினாலும் சரி, "ஏ.கே.சி. நடராஜன்" என்று எழுதினாலும் சரி. "தங்கராசு" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. அது அவர் அப்பா.