அக்ராவுக்கு முதல் தடவை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாவின் தலைநகரம் அக்ராவில் கால் வைத்ததும் கூட்டமும் ஹாரன் சத்தமும்தான் முதலில் மனதில் பதியும். ஊரே அவசரத்தில் இருக்கிறது, நாமும் சட்டென்று பேசினால்தான் காரியம் நடக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அங்கே நடக்கும் பெரிய தவறே இதுதான்.

மகோலா சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் பெரும்பாலும் பெண்கள் கையில். தலையில் சுமையோடு போகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டே நடக்க வேண்டும், அத்தனை நெரிசல். அந்த நெரிசலிலும், கடைக்குப் போனவுடன் "இது எவ்வளவு?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். "குட் மார்னிங் ஆன்டி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் விலைப் பேச்சு. வழி கேட்பதானாலும், டாக்ஸிக்காரரிடம் பேசுவதானாலும் இதே முறைதான். முகமன் சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பதை அவமரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கேட்காமல் போட்டோ எடுப்பதும் அப்படியே.

அடுத்தது இடது கை. பணம் நீட்ட, பொருள் வாங்க, கையசைத்துக் கூப்பிட, எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. இது நமக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு இடது கையால் சில்லறை கொடுப்பது இப்போது நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. வலது கை காலியாக இல்லையென்றால் "சாரி ஃபார் லெஃப்ட்" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். அங்குள்ளவர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

டிரோட்ரோவைப் பார்த்து பயந்து டாக்ஸியிலேயே சுற்றுவதும் வேண்டாம். டிரோட்ரோ என்பது ஊர் முழுக்க ஓடும் மினி வேன். கண்டக்டருக்கு 'மேட்' என்று பெயர். கதவோரம் நின்று "சர்க், சர்க்" என்று அவர் கத்தினால், வண்டி குவாமே நிக்ரூமா சர்க்கிளுக்குப் போகிறது என்று அர்த்தம். ஸ்டாண்டில் நிற்கும் வண்டி ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நேரம் கேட்டுப் பயனில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்கள் கைமாற்றி உங்கள் காசை மேட்டிடம் சேர்த்துவிடுவார்கள், மீதியும் அதே வழியில் திரும்பி வரும். பெரிய நோட்டை மட்டும் நீட்டாதீர்கள். தெருவில் நிறுத்தி ஏறும் டாக்ஸியில் பொதுவாக மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே வாடகை பேசிவிடுங்கள்.

ராணுவ உடை மாதிரியான பச்சைப் புள்ளி டிசைன் துணிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கானாவில் பொதுமக்கள் அதை அணியச் சட்டம் அனுமதிப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் ஹர்மட்டான் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சஹாராவிலிருந்து தூசியைச் சுமந்து வரும் வறண்ட காற்று அது; உதடு வெடிக்கும், தொண்டை கரகரக்கும்.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். திரும்பி வரும்போது அது கையில் இல்லையென்றால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நேரலாம்.