பழைய இன்ஜினுக்கு பெர்ஃபார்மன்ஸ் கேம்ஷாஃப்ட்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேம் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட்) வாங்க நினைப்பவரின் கண் முதலில் லிஃப்டில், அதாவது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதில்தான் நிற்கும். ஆனால் தினமும் ரோட்டில் ஓடும் பழைய வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பது இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது என்பதே. கேமோடு வரும் அளவு அட்டையில் அந்த எண்ணை முதலில் தேடுங்கள்.

பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அதிக ஆர்பிஎம்மில் காற்று வேகத்தோடு பாய்வதால், பிஸ்டன் ஏறினாலும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் அந்த வேகம் இல்லை. உள்ளே வந்த கலவையை பிஸ்டனே மேனிஃபோல்டுக்குத் திருப்பித் தள்ளிவிடும். வால்வு மூடிய பிறகு மிஞ்சியது மட்டுமே அழுத்தப்படும்.

கணக்கு எளிது. டியூரேஷன் என்பது வால்வு திறந்திருக்கும் நேரம், கிராங்க் சுழலும் டிகிரியில். இன்லெட் சென்டர்லைன் என்பது பிஸ்டன் மேல்முனையைக் கடந்து எத்தனை டிகிரியில் இன்லெட் வால்வு முழுதாகத் திறக்கிறது என்பது. டியூரேஷனில் பாதியோடு இன்லெட் சென்டர்லைனைக் கூட்டி 180-ஐக் கழியுங்கள். சென்டர்லைன் 106 டிகிரி என்றால், 250 டிகிரி கேம் பிஸ்டன் கீழ்முனையைக் கடந்து 51 டிகிரியில் மூடும். 270 என்றால் 61, 290 என்றால் 71. கம்ப்ரஷன் விகிதம் 8:1 மட்டுமே உள்ள பழைய இன்ஜினில் 71-ல் மூடும் கேமைப் போட்டால் கீழ் இழுவை செத்துவிடும். கியரை மாற்றி மாற்றி ஓட்டுவதே வேலையாகிவிடும். புஷ்ராட் இன்ஜின்களுக்கு (கேம் கீழே இருந்து தண்டு வழியாக வால்வைத் திறப்பவை) எங்கள் கைக்கணக்கு இது, டியூரேஷன் டிகிரியில்: கம்ப்ரஷன் 8.5-க்குக் கீழே இருந்தால் 250 முதல் 260 வரை, 9 முதல் 9.5 என்றால் 265 முதல் 275 வரை. 280-க்கு மேல் போக 10:1 வேண்டும். இரண்டு கேமுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சின்னதையே எடுங்கள். ஒரே கேம் பெரிய இன்ஜினில் சாதுவாகவும் சின்ன இன்ஜினில் முரட்டுத்தனமாகவும் நடக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டியூரேஷனை ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. ஒரு தயாரிப்பாளர் டாப்பெட் (கேமை ஒட்டி எழும்பி இறங்கும் துண்டு) 0.15 மி.மீ. எழும்பியதும் அளக்கத் தொடங்குவார், இன்னொருவர் வேறொரு உயரத்தில். அதனால் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்களை வைத்து இரண்டு கேம்களை ஒப்பிட முடியாது. டாப்பெட் 1.27 மி.மீ. எழும்பிய நிலையில் எடுத்த டியூரேஷனைக் கேட்டு வாங்குங்கள். 268 என்று விற்கப்படும் ஹைட்ராலிக் டாப்பெட் (ஆயிலால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்வது) கேம், அந்த அளவில் 218 அளவுக்கு இருப்பது சகஜம்.

அடுத்தது லோப் செபரேஷன். லோப் என்பது கேமில் உள்ள முட்டை வடிவ மேடு; இன்லெட், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு நடுவே உள்ள கோணம்தான் இது. 106, 108 என்று குறுகினால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். நடு ஆர்பிஎம்மில் நல்ல இழுவை வரும், ஐட்லிங் குலுங்கும். 112-க்கு மேல் போனால் ஐட்லிங் சீராகும், மேனிஃபோல்டு வேக்குவமும் நிற்கும். பிரேக் பூஸ்டர் இந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. அது குறைந்தால் பெடல் கல்லாகிவிடும், இதில் சமரசமே கூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டிக்கும் 112 பக்கமே நல்லது.

லிஃப்டுக்கு ஓர் எல்லை உண்டு. வால்வு தலையின் விட்டத்தில் கால் பங்கு திறந்துவிட்டால் காற்று போகும் வழி போர்ட்டின் வாய் அளவுக்கு வந்துவிடும். 38 மி.மீ. வால்வுக்கு அது 9.5 மி.மீ. ஹெட்டில் போர்ட் வேலை எதுவும் செய்யாமல் அதற்கு மேல் ஏற்றினால் லாபம் சொற்பம், ஸ்பிரிங் தேய்மானம் அதிகம். புது ஸ்பிரிங் முழு லிஃப்டில் அமுங்கும்போது சுருள்களுக்கிடையே மொத்தம் 1.5 மி.மீ. இடம் மிச்சமிருக்க வேண்டும். ரிடெய்னருக்கும் (ஸ்பிரிங்கை வால்வில் பிடித்து வைக்கும் தட்டு) வால்வு சீலுக்கும் நடுவிலும் அதே அளவு.

பிஸ்டனில் வால்வு இடிக்குமா என்பதைக் களிமண் வைத்துப் பாருங்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணே போதும். பிஸ்டன் மேல் 6 மி.மீ. கனத்துக்கு அப்பி, வால்வில் ஒட்டாமலிருக்க லேசாக எண்ணெய் தடவுங்கள். பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றி, பதிந்த பள்ளத்தை பிளேடால் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தை அளக்கவும். இன்லெட்டுக்குக் குறைந்தது 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீள்வதால்தான் அந்தக் கூடுதல். ஹைட்ராலிக் டாப்பெட் அமுங்கிப் பொய்யான அளவு காட்டும், சோதனைக்கு மட்டும் சாலிட் டாப்பெட் போடுங்கள்.

டைமிங் ஸ்ப்ராக்கெட்டின் புள்ளிகள் நேராக நிற்பதை மட்டும் நம்பாதீர்கள், சில டிகிரி தவறு அங்கே சாதாரணம். டாப்பெட்டில் டயல் கேஜ், கிராங்கில் டிகிரி வீல் மாட்டி, உச்ச லிஃப்டுக்கு 1.27 மி.மீ. முன்னும் பின்னும் உள்ள டிகிரிகளைக் குறித்துச் சராசரி எடுங்கள். 70, 142 என்று வந்தால் சென்டர்லைன் 106. கேமை 4 டிகிரி முன்னே நகர்த்தினால் இன்லெட்டும் 4 டிகிரி முன்னதாக மூடும், கீழ் இழுவை கூடும்.

புது கேம் கிடைக்காத இன்ஜினுக்குப் பழையதையே கிரைண்டிங் செய்து தருவார்கள். அதில் பேஸ் சர்க்கிள் (லோபின் வட்டமான அடிப்பகுதி) சிறுத்துவிடும். புஷ்ராட் நீளத்தையோ ஷிம்மையோ (மெல்லிய தகடு) மாற்றாவிட்டால், வால்வை அழுத்தும் ராக்கர் வால்வு முனையின் ஓரத்தில் உரசும்.

ஃப்ளாட் டாப்பெட் (அடியில் உருளை இல்லாதது) கேமுக்கு டாப்பெட்டுகளும் புதிதாகவே இருக்க வேண்டும். பழைய டாப்பெட் தன் பழைய லோபுக்கேற்பத் தேய்ந்தது. புது லோபைத் தின்றுவிடும். லோப் ஒவ்வொன்றிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவி, ஜிங்க் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கை இப்போதைக்குக் கழற்றி வையுங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல், இக்னிஷன் டைமிங், ஆயில் பிரஷர் மூன்றும் தயாரான பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேஸ்ட் துடைபட்டுப்போகும். ஸ்டார்ட் ஆனதும் 2000 முதல் 2500 ஆர்பிஎம், 20 நிமிடம், ஐட்லிங்கே கூடாது. கிராங்க் வீசும் எண்ணெய்தான் லோபை நனைக்கிறது, ஐட்லிங்கில் அது போதாது. ராக்கர் கவரைத் திறந்து பார்க்க முடிந்தால் புஷ்ராட்கள் மெதுவாகச் சுழல்வது தெரியும். ஒன்று சுழலாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், அந்த லோப் தேயத் தொடங்கிவிட்டது.

20 நிமிடம் முடிந்ததும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்துக் காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பூச்சு இருந்தால் பேஸ்ட்தான், பயமில்லை. விரலில் மினுக்கும் இரும்புத் துகள் இருந்தால் டாப்பெட்டுகளைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.