பெலட் அடுப்பு அதிர்கிறதா? மோட்டாரை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

போன ஜனவரியில் கந்தப்பளைப் பக்கம் ஒரு பங்களாவுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் கால் வைத்ததுமே பலகைத் தரை வழியாக அதிர்வு ஏறியது. உள்ளே பெலட் அடுப்பின் (மரத்தூளை அமுக்கிச் செய்த சின்னத் துண்டுகள்தான் பெலட், அதை எரிக்கும் அடுப்பு) முன்னால் இரண்டு தம்பிமார், பக்கத்தில் பிரிக்காத ஒரு பெட்டி. "அண்ணே, மோட்டார் போயிருச்சு, புதுசு வாங்கியாச்சு" என்றார்கள். பழைய மோட்டாரைக் கையால் ஒரு தடவையாவது சுற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.

எனக்கு வயிறு எரிந்தது. இதே வேலையைச் சில வருடங்களுக்கு முன் நானே செய்து ஒருவருடைய காசைக் கரைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தத் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். சாம்பல் அள்ளாமல் விடுவது, கதவைச் சரியாக மூடாமல் விடுவது எல்லாம் அடுப்போடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தம் வரும் நேரத்தைக் கவனிக்காமல் கழற்றுவது

பெலட் அடுப்புக்குள் சுற்றுபவை மூன்று. புகையை வெளியே இழுக்கும் ஃபேன், அறைக்குள் சூட்டை ஊதும் ஃபேன், பெலட்டை நெருப்புக்குத் தள்ளும் திருகு. இறைச்சி அரைக்கும் மெஷினுக்குள் இருக்குமே, அதே மாதிரித் திருகு.

சுவிட்சைப் போட்டவுடனேயே அதிர்ந்தால் பெரும்பாலும் புகை ஃபேன். அடுப்பு சூடாகி ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் சத்தம் தொடங்குகிறதென்றால் அறை ஃபேன், ஏனென்றால் சூடு ஏறிய பிறகுதான் அது ஓடத் தொடங்கும். கொஞ்ச நேரம் 'கிரீச்' என்று வந்து நின்று, திரும்ப வந்து நின்றால் திருகு. அடுப்பு சூடாகும்போதும் ஆறும்போதும் 'டக் டக்' என்று கேட்பது தகடு விரிந்து சுருங்குவது. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்னும் சந்தேகம் என்றால் நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை மோட்டாரின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்துங்கள். சுற்றும் பாகத்தில் நுனி பட்டுவிடக் கூடாது. தேயிலை பெக்டரியில் ஃபிட்டராக இருந்த காலத்தில், கொழுந்து வாட்டும் தொட்டிகளின் பெரிய ஃபேன்களை இப்படித்தான் கேட்போம். எந்தப் பெயரிங் (சுற்றும் அச்சைத் தாங்கும் வளையம்) அழுகிறது என்று கை காட்டிவிடலாம்.

மோட்டார் மேல் பழி போடுவது

2022 பெப்ரவரி. நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதி. முந்தின நாள் இரவு வரை அமைதியாக ஓடிய அடுப்பு, காலையில் போட்டதும் மேலே வைத்த தேத்தண்ணிக் கோப்பை நகரும் அளவுக்கு ஆடியது. நான் போய்க் காது கொடுத்தேன். புகை ஃபேன்தான். அதுவரை சரி. அடுத்த வார்த்தையாக "மோட்டார் முடிஞ்சு" என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஓடர் சொன்னபோது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மோட்டார் வந்து சேர்ந்த ஜூனில் 360. கட்டவேண்டிய மிச்சக் காசை அந்த விலையில்தான் கட்டினார்கள். நடுவில் அந்த அறையை வாடகைக்கு விடவும் முடியவில்லை.

பழைய மோட்டாரிலிருந்து இறக்கையைக் கழற்றிப் புது மோட்டாரில் மாட்டி சுவிட்சைப் போட்டேன். அதே ஆட்டம். பக்கத்தில் நின்ற உரிமையாளர், "பாஸ், இது பழைய சத்தம்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது.

திரும்பவும் கழற்றி, இறக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சாம்பலும் தாரும் கலந்து, ஒவ்வொரு தகட்டின் உட்பக்கத்திலும் கறுப்பாக இறுகியிருந்தது. இரண்டு தகட்டில் மட்டும் பளிச்சென்று வெற்று இரும்பு. அங்கே இருந்த கட்டி இரவோடிரவாகப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. புளியங்கொட்டை அளவில் இரண்டு கட்டிகள் ஃபேன் கூட்டுக்குள்ளேயே கிடந்தன.

விஷயம் இதுதான். சாம்பல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஒட்டியிருக்கும் வரை ஃபேன் ஆடாது. ஒரு பக்கம் பெயர்ந்தால் அந்த நிமிடமே நிறை சரிந்துவிடும். நிமிடத்துக்கு 2800 தடவை சுற்றும் இறக்கையில், நடுவிலிருந்து 7 சென்ரிமீற்றர் தள்ளி 1 கிராம் கூடுதலாக இருந்தால், அது 600 கிராம் பாரம் போல வெளியே இழுக்கும். அந்த இழுப்பு வினாடிக்குக் கிட்டத்தட்ட 47 தடவை திசை சுற்றி வரும். நேற்று அமைதி, இன்று ஆட்டம் என்றால் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். உடைந்தது சாம்பல் கட்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது மோட்டார் பல நேரம் புது இறக்கையோடு சேர்ந்தே வரும். மாட்டியவுடன் சத்தம் நின்றுவிடும். மாட்டியவரும் மோட்டார்தான் பிழை என்று நம்பிவிடுவார், அடுத்த வீட்டிலும் அதையே சொல்வார். இப்படித்தான் இந்தத் தவறு தவறென்றே தெரியாமல் பரவுகிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. அடுப்பை முழுதாக ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஃபேனைக் கழற்றுங்கள். அச்சைப் படுக்கையாகப் பிடித்து, இறக்கையில் சோக்கால் ஒரு கோடு போட்டு, விரலால் மெல்லச் சுற்றிவிடுங்கள். நாலைந்து தடவை பாருங்கள். கோடு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றால், கீழே நிற்கும் பக்கம் கனம். வேறு வேறு இடத்தில் நின்று, அச்சை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டமும் இல்லையென்றால் இறக்கையும் பெயரிங்கும் நல்லது. அச்சில் ஆட்டம் இருந்தால், சுற்றும்போது கரகரத்தால், அப்போதுதான் மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும்.

சுத்தம் செய்வதானால் முழுதாகச் செய்யுங்கள். கைக்கு எட்டும் தகட்டை மட்டும் சுரண்டினால் ஆட்டம் கூடும். பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய மரச்சீவல் போதும். சுத்தியலால் தட்டினால் தகடு வளையும், அதற்கு மருந்தில்லை. சில இறக்கைகளில் ஒரு ஓரமாகச் சின்ன இரும்புக் கிளிப் மாட்டியிருக்கும். அழுக்கு என்று பிடுங்கிவிடாதீர்கள், நிறை சரிபார்த்து வைத்தது அது. நடு நட்டு சிலவற்றில் இடப்பக்கப் புரியாக இருக்கும், அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், பலம் போடுமுன் பாருங்கள்.

திரும்பப் பூட்டும்போது கூட்டின் கேஸ்கட்டை, அதாவது இடைவெளியை அடைக்கும் பட்டையை, புதிதாகப் போடுங்கள். பழையது கசிந்தால் புகையோடு காபன் மொனொக்சைட் அறைக்குள் வரும். நுவரெலியாக் குளிரில் ஜன்னல் எல்லாம் இறுக மூடியிருக்கும், அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது. இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவே வேண்டாம்.

ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பது

வேண்டாம். உள்ளே இருந்த நல்ல எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய்த் துளை உள்ள மோட்டாரென்றால் மின் மோட்டாருக்கான எண்ணெய் இரண்டு சொட்டு, துளை இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்.

ரப்பர் வைத்து அமுக்குவது

பழைய பங்களாப் பலகைத் தரை மத்தளம் மாதிரி, சின்ன அதிர்வையும் பெரிதாக்கும். அதற்காகக் காலடியில் சைக்கிள் டியூப் வெட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் குறையும், ஃபேன் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் பெயரிங் உண்மையாகவே போகும்.

பெலட் மூட்டையைத் தரையில் வைப்பது

நல்ல பெலட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் மலையில் மே மாதத்திலிருந்து மழையும் மூடுபனியும் விடாது. வாய் திறந்த மூட்டை சீமெந்துத் தரையில் கிடந்தால் பெலட் ஊதி, உதிர்ந்து, தூளாகிவிடும். அந்தத் தூள் திருகின் குழாய்க்குள் இறுகினால் வருவதுதான் அந்தக் 'கிரீச்'. பெலட் ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். 'டக்' என்று முறிய வேண்டும். விரலில் மாவாக நொறுங்கினால் அந்த மூட்டையை அடுப்பில் போடாதீர்கள். தொட்டியைக் காலி செய்து அடித் தூளை உறிஞ்சி எடுங்கள். மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

ஓடும்போது பின்தகட்டைத் திறப்பது

கை போகும்.

60 ஹேர்ட்ஸ் அடுப்பு

சிலர் அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் அனுப்பிய அடுப்பை ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து ஓட்டுகிறார்கள். அது 230 வோல்ட்டை 120 ஆக்கும், அவ்வளவுதான். அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ் (வினாடிக்கு 60 சுழற்சி), நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதை ட்ரான்ஸ்ஃபோமர் மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றி, சூடாகி, விடாமல் உறுமும். புகை ஃபேனும் மெதுவாகவே இழுப்பதால் கரி சீக்கிரம் கட்டும். எந்த ஸ்க்ரூவை இறுக்கினாலும் அந்த உறுமல் நிற்காது. அடுப்பின் பின்பக்கத் தகட்டில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஹேர்ட்ஸும் எழுதியிருக்கும். அடுப்பை வாங்குமுன், அல்லது கப்பலில் ஏற்றச் சொல்லுமுன், அந்தத் தகட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.