கோடைக்கு முன் ஸ்பிளிட் ஏசியை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

கத்திரி வெயில் மே மாதத் தொடக்கத்தில்தான் பிறக்கிறது என்றாலும், சென்னையில் மார்ச் நடுவிலேயே இரவில் ஏசி இல்லாமல் உறங்க முடியாத நிலை வந்துவிடுகிறது. ஏப்ரலில் சர்வீஸ் ஆட்கள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரத்தில் வேலையை அரைகுறையாக முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் முதல் வாரத்திலோ ஒரு விடுமுறை நாள் காலையை இதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். குளிர் போதவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, முடை நாற்றம் வருகிறது ஆகிய மூன்று புகார்களுக்கும் பெரும்பாலும் தூசியும் அடைத்துக்கொண்ட டிரைன் பைப்பும்தான் காரணம். இவற்றை வீட்டுக்காரரே சரிசெய்துவிடலாம். கேஸ், மின்சுற்று, கம்ப்ரஸர் ஆகியவற்றில் கைவைப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. இந்த விளக்கம் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிக்கு மட்டுமே பொருந்தும்.

வேண்டிய பொருள்கள்

இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ் ஒன்று, பழைய டூத் பிரஷ் ஒன்று, கையால் அழுத்தி நீர் தெளிக்கும் 2 லிட்டர் ஸ்பிரேயர், டார்ச், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், அசையாத ஏணி, பழைய துணிகள், ஒரு வாளி ஆகியவை போதும். பூச்சிமருந்துக்குப் பயன்படுத்திய ஸ்பிரேயரை இதற்கு எடுக்காதீர்கள். அந்த வாடை அறைக்குள்ளேயே சுற்றிவரும். இண்டோர் யூனிட்டின் அடியில் மாட்டி அழுக்கு நீரை வாளிக்குள் இறக்கும் சர்வீஸ் பை கடைகளில் கிடைக்கிறது. படுக்கைக்கு மேலே ஏசி மாட்டியிருப்பவர்கள் அதை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. நுரையாகப் பீய்ச்சும் காயில் கிளீனர் டப்பாக்கள் வீட்டுத் தூசிக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் சில கடுமையான காரத்தன்மை கொண்டவை. சரியாக அலசாவிட்டால் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ரிமோட்டில் அணைத்து, பிறகு ஏசிக்கு மின்சாரம் வரும் எம்சிபி சுவிட்சையும் இறக்கிவிடுங்கள். ரிமோட்டில் மட்டும் அணைத்தால் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். எம்சிபியை இறக்கிய கையோடு, ஏசிக்கான 16 ஆம்பியர் பிளக்கைக் கழற்றி அதன் கால்களைப் பாருங்கள். பழுப்பேறியோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் சாக்கெட்டின் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். கோடை முழுவதும் பல மணி நேரம் ஓடப்போகும் கருவிக்கு அந்தத் தளர்வு தீ விபத்தை வரவழைக்கக்கூடியது. எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சாக்கெட்டை மாற்றிய பிறகே மேற்கொண்டு செல்லுங்கள்.

ஃபில்டரும் காயிலும்

ஃபில்டர் வலையைக் கழற்றிக் குழாய் நீரில் பின்புறமிருந்து முன்புறமாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, மீண்டும் பள்ளத்தில் சரியாக அமராது. கோடையில் இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். தெருவில் கட்டட வேலை நடந்தால் வாரம் ஒருமுறை.

ஃபில்டரை எடுத்ததும் உள்ளே தெரியும் மெல்லிய அலுமினியத் தகடுகளின் அடுக்குதான் கூலிங் காயில். முதலில் உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் வருடுங்கள். குறுக்காகத் தேய்த்தால் தகடுகள் மடங்கிக் காற்றுவழி அடைபடும். கை விரலைக்கூட அவை கீறிவிடும் என்பதால் கையுறை அணிவது நல்லது. தூசி உதிர்ந்த பிறகு ஸ்பிரேயரால் வெறும் நீரை மென்மையாகத் தெளியுங்கள். பெரும்பாலான மாடல்களில், எதிரில் நின்று பார்க்கும்போது வலப்பக்கத்தில் மின்பலகை இருக்கும். அந்தப் பகுதியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, நீர் அங்கே தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வினிகர் தெளிக்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். வேண்டாம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் செம்புக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கக்கூடியது, அதன் வழியே கேஸ் கசிந்தால் காயிலையே மாற்ற வேண்டிய செலவு வரும்.

காற்று வெளிவரும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் உருளை வடிவ ப்ளோயர் தெரியும். அதன் இதழ்களில் லேசான தூசி இருந்தால் டூத் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தால் அதைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். அதற்கு ஆளை அழையுங்கள்.

டிரைன் பைப்: நின்று நிதானித்துச் செய்ய வேண்டிய இடம்

காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி, கீழேயுள்ள டிரேயில் சேர்ந்து, பைப் வழியாக வெளியேறுகிறது. புழுக்கம் மிகுந்த நாளில் ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீரை வெளியேற்றும். அந்த நீர் போகும் பாதையில் தூசியும் பாசியும் சேர்ந்து கொழகொழவென்று படிந்துவிட்டால், டிரே நிரம்பிச் சுவரில் வழியத் தொடங்கும்.

நீர் ஒழுகும் ஏசியில் முதலில் காயிலைப் பாருங்கள். காயிலில் பனி உறைந்திருந்தால் குற்றம் டிரைனில் இல்லை. காற்றோட்டம் குறைந்திருக்கிறது, அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. பனி இல்லாமல் ஒழுகினால் டிரைனைத்தான் ஆராய வேண்டும்.

ஒரு டம்ளர் நீரை டிரேயில் மெதுவாக ஊற்றி, பைப்பின் வெளிமுனையில் மற்றொருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் தடையின்றி வந்தால் பைப் சரியாக இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் இருந்தால், வெளிமுனையில் அதன் குழாயை வைத்து, இணையும் இடத்தைத் துணியால் இறுகச் சுற்றி, ஓரிரு நிமிடம் உறிஞ்சவிடுங்கள். பாசி திரள் திரளாக வெளியே வரும். சிலர் சைக்கிள் பம்ப்பால் காற்றை ஊதுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அழுக்கு அறைக்குள் பீய்ச்சப்படுவதோடு, சுவருக்குள் இருக்கும் இணைப்பும் கழன்றுகொள்ளலாம். வாக்குவம் இல்லாதவர்கள், பாத்திரம் கழுவும் சோப்பைச் சிறிது கலந்த வெதுவெதுப்பான நீரை டிரேயில் ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டு, பிறகு நல்ல நீரால் அலசலாம். கொதிநீர் பிவிசி பைப்பை இளக்கிவிடும். ஆசிட் எந்த நிலையிலும் கூடாது.

எங்கள் வீட்டில் இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் நள்ளிரவில் சுவரோரம் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. டிரே சுத்தம், பைப்பில் அடைப்பு இல்லை, பகலில் டம்ளர் நீரை ஊற்றிப் பார்த்தால் ஒழுங்காகப் போகிறது. காரணம் பால்கனியில் இருந்தது. செடிகளுக்கு ஊற்றுவதற்காக ஏசி நீரை வாளியில் பிடித்துவந்தோம், பைப்பின் முனை வாளியின் அடிவரை தொங்கியது. இரவில் வாளி பாதி நிரம்பியதும் முனை நீருக்குள் மூழ்கிவிடும்; பைப்பில் இருக்கும் காற்று வெளியேற வழியின்றி நிற்க, மேலிருந்து வரும் நீர் இறங்காமல் டிரேயில் தேங்கும். காலையில் வாளியைக் காலி செய்ததும் எல்லாம் சரியாகிவிடுவதால் பகற்சோதனையில் இது பிடிபடவே இல்லை. முனையை வாளியின் விளிம்புக்கு மேலேயே நிற்கும்படி வெட்டிக் கட்டிய பிறகு ஒழுகல் நின்றது. பைப் நடுவில் தொய்ந்து மீண்டும் மேலேறினாலும் இதே சிக்கல் வரும். தொடக்கம் முதல் முடிவுவரை சரிவு கீழ்நோக்கியே இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒழுகினால், இண்டோர் யூனிட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டிரைன் துளை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக யூனிட் சாய்ந்திருந்தால் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பயனில்லை.

அவுட்டோர் யூனிட்

பின்புறமும் ஒரு பக்கவாட்டிலும் உள்ள காயிலில் ஒட்டியிருக்கும் புறா இறகுகளையும் சருகுகளையும் முதலில் பிரஷ்ஷால் அகற்றி, சாதாரண ஹோஸ் நீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டாலே போதும். கார் கழுவும் பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் தகடுகள் படுத்துவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர், கோவளம் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்பவர்கள் மாதம் ஒருமுறை நல்ல நீரால் உப்பை அலசிவிட்டால் காயிலின் ஆயுள் கூடும். யூனிட்டின் முன்னால் துணி உலர்த்தும் கொடி இருந்தால் இடம் மாற்றிவிடுங்கள்; வெப்பக் காற்று வெளியேற முடியாமல் திரும்பவும் உள்ளே இழுக்கப்பட்டால் மின்கட்டணம்தான் ஏறும்.

அடுக்குமாடி வீட்டின் வெளிச்சுவரில் இரும்புத் தாங்கியில் யூனிட் இருந்தால், அதை எட்ட முயலவே வேண்டாம். இடுப்புப் பட்டையும் கயிறும் கொண்டுவருகிற ஆளிடம் மட்டுமே அந்த வேலையைக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாம் உலர்ந்ததும் எம்சிபியை ஏற்றி, கால் மணி நேரம் கூல் நிலையில் ஓடவிடுங்கள். ஏசி தானாகவே 24 டிகிரியில் தொடங்கினால் கவலை வேண்டாம். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகளுக்கு அந்த அளவே தொடக்க நிலையாக இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரால், யூனிட்டின் மேலே உள்ளிழுக்கும் காற்றையும் கீழே வெளிவரும் காற்றையும் அளந்து பாருங்கள். வேறுபாடு ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரிக்குள் இருந்தால் ஏசி நல்ல நிலையில் இருக்கிறது. புழுக்கமான நாளில் சற்றுக் குறையலாம்.

வேறுபாடு மிகக் குறைவாக இருந்து, ஆளை அழைக்க நேர்ந்தால் ஒன்றை உறுதியாக நினைவில் வையுங்கள்: கேஸ் என்பது ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் எரிபொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிவரும் அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது அடுத்த கோடைக்கும் அதே செலவை எழுதிவைப்பதாகும். அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் ஆர்32, ஆர்410ஏ என்று கேஸின் வகையும், எத்தனை கிராம் என்ற எடையும் அச்சிட்டிருக்கும். கசிவை அடைத்த பிறகு, வாக்குவம் பம்ப்பால் குழாயை வெறுமையாக்கி, தராசில் எடை பார்த்து நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆர்32 தீப்பற்றக்கூடியது என்பதால் அறைக்குள் விளக்கோ ஊதுவத்தியோ எரியாமல் இருக்கட்டும்.

பின்னர் சேர்த்தவை

சுத்தம் செய்த பிறகு இதுவரை ஒழுகாத பக்கத்தில் புதிதாக ஒழுகுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல மாடல்களில் டிரேக்கு இரு பக்கமும் துளை உண்டு. ஒன்றில் பைப்பும் மற்றொன்றில் ரப்பர் அடைப்பானும் இருக்கும். டிரேயைக் கழற்றி மாட்டும்போது அந்த அடைப்பான் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிரைன் பைப்பைக் குளியலறைக் கழிவுநீர்க் குழாயில் நேரடியாகச் சேர்த்திருக்கும் வீடுகளில், காயில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சாக்கடை நாற்றம் வரும். பைப்பைப் பிரித்துத் திறந்த வெளியில் விடுவதுதான் இதற்குத் தீர்வு.

நவம்பரில் ஏசியை நிறுத்தும்போது ஓரிரு மணி நேரம் ஃபேன் நிலையில் ஓடவிட்டுக் காயிலை உலர்த்துங்கள். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு அஞ்சி அவுட்டோர் யூனிட்டைப் பாலிதீனால் முழுவதும் சுற்றுகிறார்கள். அந்த யூனிட் மழையில் நனைவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது; சுற்றிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிப்பதோடு எலியும் பல்லியும் குடியேறும். மரக்கிளை விழும் என்ற கவலை இருந்தால் மேற்புறத்தை மட்டும் ஒரு பலகையால் மூடிவைத்து, பிப்ரவரியில் அதை எடுத்த பிறகே எம்சிபியை ஏற்றுங்கள்.