மண் கலக்கும் நாளெல்லாம் வந்த இருமல்

மாடித்தோட்டத் தொட்டிகளுக்கு மண் கலந்தால் போதும், அன்று ராத்திரி வறட்டு இருமலும் நெஞ்சில் லேசான இறுக்கமும் வந்துவிடும். பனி என்றுதான் நினைத்தேன். மண்ணை இலகுவாக்கச் சேர்க்கும் பெர்லைட் என்ற வெள்ளைத் துகள் மூட்டையைக் கவிழ்த்தபோது வெயிலில் வெள்ளையாகப் புகை எழுந்து முகத்தில் படிந்ததைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது.

இப்போது எதையும் உலர்ந்தபடி கலப்பதில்லை. பையின் வாயைக் கொஞ்சமாக வெட்டி, உள்ளேயே இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, அப்புறம்தான் கொட்டுகிறேன். 5 கிலோ கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டியைக் கையால் உடைக்காமல் 20 லிட்டர் தண்ணீரில் அப்படியே போட்டால் தானே உதிர்ந்துவிடும். வேப்பம்புண்ணாக்குத் தூள், எலும்புத்தூள் இரண்டையும் கடைசியாக, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைத் தாழ்த்தி ஈரக் கலவையில் போட வேண்டும். முகத்தில் துண்டு கட்டுவது நுண்தூசிக்குப் போதாது, என்95 மாஸ்க்தான், அதுவும் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி. மட்கிய உரத்துக்கு இது இன்னும் முக்கியம், அதில் பூஞ்சை வித்துகள் இருக்கும். ஆஸ்திரேலியாவில் தொட்டி மண் பைகளிலேயே நிமோனியா வரவைக்கும் லெஜியோனெல்லா கிருமி பற்றிய எச்சரிக்கையை அச்சடிக்கிறார்கள்.

தரையையும் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். இரண்டு மாதமாக இருமல் இல்லை. மகளுக்கு வீசிங் உண்டு, மண் கலக்கும் நேரத்தில் அவளை மாடிக்கு விடுவதே இல்லை.