சின்னப் பிள்ளைகளுக்குக் கோடிங்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குக் கோடிங், அதாவது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவதை, சொல்லித்தர கம்ப்யூட்டரே வேண்டாம். சாக்பீஸால் தரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி மூன்று வகை அட்டைகள் செய்துகொள்ளுங்கள்: ஒரு கட்டம் முன்னே போ, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு. மூலைக் கட்டத்தில் ஒரு பொம்மை. பிள்ளை அட்டைகளை வரிசையாக அடுக்க, அதன்படி ஒருவர் ரோபோவாக நடந்துபோய் பொம்மையை எடுக்க வேண்டும். விளையாட்டு இவ்வளவுதான்.

இதில் நாம் செய்யும் பெரிய தவறு, ரோபோவாக நிற்கும்போதும் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருந்துவிடுவது. மூன்று கட்டம் போக வேண்டிய இடத்தில் பிள்ளை இரண்டு அட்டைதான் வைத்திருக்கும். 'அதுக்கு என்ன வேணும்னு தெரியுமே' என்று நாமே மூன்றாவது அடியையும் வைத்துவிடுவோம். அங்கேயே பாடம் போய்விட்டது. கம்ப்யூட்டர் எழுதியதைத்தான் செய்யும், மனதில் நினைத்ததைச் செய்யாது என்பதுதான் பிள்ளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதனால் இரண்டு அடியோடு அப்படியே நில்லுங்கள். "இன்னும் ஒண்ணு போப்பா" என்று பிள்ளை கத்தினாலும் அசையாதீர்கள். "அட்டையில அப்படி இல்லையே" என்றால் போதும். பிள்ளை ஓடிவந்து, ஒவ்வொரு அட்டையாக விரல் வைத்துப் பார்க்கும் பாருங்கள், இப்படித் தப்பைத் தேடித் திருத்துவதற்குப் பெயர்தான் டீபக்கிங். இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

அந்த நேரத்தில் குறுக்கே புகுந்து சரியான அட்டையை எடுத்துக்கொடுப்பது அடுத்த தவறு. "எந்த அட்டை வரைக்கும் ரோபோ சரியா வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். வரிசை முழுவதையும் கலைக்க விடாதீர்கள். ஒரே ஒரு அட்டையை மாற்றட்டும், மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கட்டும். ஓட்டுவதற்கு முன்னால், ரோபோ எங்கே போய் நிற்கும் என்று பிள்ளையையே விரல் காட்டச் சொல்வதும் நல்ல பழக்கம்.

நிறையப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் 'திரும்பு' அட்டை. வலது பக்கம் திரும்பு என்றால் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். பிள்ளைகளோ வலது பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். இதை வாயால் விளக்கிப் பயனில்லை. எழுந்து கட்டத்துக்குள் நின்று, தானே திரும்பிப் பார்க்கட்டும். 1967-இல் லோகோ என்ற கோடிங் மொழியை மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய சீமோர் பேப்பர்ட்டும் இதே வழியைத்தான் வலியுறுத்தினார்: கட்டளைப்படி நகரும் லோகோவின் ஆமை எப்படிப் போகும் என்று புரியவில்லையா, நீயே ஆமையாகி நடந்து பார். ரோபோ எதிரே நிற்கும்போது இடமும் வலமும் மாறித் தெரிவது இன்னொரு சிக்கல். ரோபோவின் வலது கையில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டு, அட்டை அடுக்கும் பிள்ளையை ரோபோவுக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

இந்தக் குழப்பம் தெளியாமலே அடுத்த பொம்மைக்கோ ஆப்புக்கோ தாவுவதும் வேண்டாம். பீ-பாட் என்ற தேனீ ரோபோவில் வலது அம்பை அழுத்தினால் அது நின்ற இடத்திலேயே திரும்பும். ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்காக 2014-இல் வந்த ஸ்க்ராட்ச் ஜூனியர் ஆப்பில் வலது அம்புக் கட்டை (திரையில் இழுத்து அடுக்கும் கட்டளைத் துண்டு), கதாபாத்திரத்தை வலது பக்கம் நகர்த்தும். திரும்புவதற்கு அங்கே வேறு கட்டை. பார்க்க ஒரே மாதிரி அம்பு, வேலை வேறு. மாறும் அன்றைக்கே இதைச் செய்துகாட்டிவிடுங்கள். பீ-பாட் ஒரு அடிக்கு 15 செ.மீ. நகரும் என்பதால் அது ஓடும் சார்ட்டில் கட்டமும் அதே அளவில் இருக்க வேண்டும். முன்பு கொடுத்த கட்டளைகளை அது மறக்காது. அழிக்கும் பொத்தானை அழுத்தாமல் புதிதாகக் கொடுத்தால் பழையதையும் சேர்த்தே ஓட்டும். பொம்மை கெட்டுப்போய்விட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

படத்தைப் பார்த்து அப்படியே பூட்டும் ரோபோ கிட்டை வாங்கிக்கொடுத்துவிட்டு, பிள்ளை கோடிங் கற்றுக்கொள்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பூட்டுவதும் நல்ல வேலைதான், ஆனால் கட்டளைகளைத் தானே யோசித்து அடுக்கினால்தான் அது கோடிங். நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்தால் துடுக்கான பிள்ளை எல்லா அட்டையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அடுக்குவது, நடப்பது, தப்பைப் பிடிப்பது என்று பிரித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளை மாற்றுங்கள்.

அப்புறம், ஒரே கட்டளையை இத்தனை முறை செய் என்று சொல்லும், எண் எழுதிய 'திரும்பச் செய்' அட்டையை முதல் நாளே நீட்டிவிடாதீர்கள். 'முன்னே' அட்டையையே மறுபடி மறுபடி அடுக்கி அலுத்துப்போய், "இத்தனையும் வைக்கணுமா?" என்று பிள்ளையே கேட்கும். அந்த அட்டையை அப்போது கொடுங்கள். எதற்கு என்று விளக்க வேண்டிய தேவையே இருக்காது.